கோலா கெத்தில்: தோட்டத்துக்கு முந்தைய ஊர்

சுங்கைப்பட்டாணியிலிருந்து பாலிங் போகும் சாலையில், கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது கோலா கெத்தில். கெடா மாநிலத்தின் பாலிங் மாவட்டத்தைச் சேர்ந்த சிறுநகரம். கடைவரிசைகள், பள்ளிவாசல், கோயில், பள்ளிக்கூடங்கள், சுற்றிலும் கித்தா எனப்படும் ரப்பர் மரமும் செம்பனையும், அண்மைக் காலத்தில் 50 மெகாவாட் சூரிய மின்நிலையம் ஒன்று. சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரிவது இவ்வளவுதான். நம்மவர்கள் இந்த ஊரைப் பற்றி எழுதும்போது கப்பலேறி வந்த கதையில் தொடங்குவார்கள். கங்காணி, லயம், பால்வெட்டு, தமிழ்ப்பள்ளி என்று வரலாறு வளரும். அந்த வரலாறு உண்மையானது, எழுதப்பட வேண்டியது. ஆனால் தோட்டத்தில் தொடங்கும் அறிமுகம் இந்த ஊரின் பாதியைத்தான் சொல்கிறது. ஆறு எங்கிருந்து வருகிறது, தோட்டம் போடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது, அதில் மிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் கோலா கெத்திலைப் புரிந்துகொள்ள முடியாது. மலையில் மிஞ்சியிருக்கும் பூர்விகக் காட்டையும் இந்த ஊரின் எல்லைக்குள் வைத்துப் பேச வேண்டும் என்பதே என் வாதம்.

ஆற்றின் வயதிலிருந்து தொடங்கலாம். மூடா ஆறு கடலை நெருங்கும் பகுதியில் சுங்கை மாஸ் என்ற பழைய துறைமுகக் குடியிருப்பின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கிருந்து வடக்கே மெர்போக் ஆற்றங்கரையில் பூஜாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்கள் இருக்கின்றன. 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை வந்து தாக்கிய கடாரம் இந்த வட்டாரம் என்பதைத் தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகள்கூடப் படிக்கிறார்கள். கடாரத்தைப் பற்றிய நம் பேச்சு கப்பல்களிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கப்பல்கள் எதற்காக வந்தன என்று பார்த்தால் கண் உள்நாட்டுப் பக்கம் திரும்பும். பிசின், அகில், பிரம்பு, தேன்மெழுகு, தந்தம் என்று இந்தக் கரையோரத் துறைமுகங்கள் விற்ற பொருளில் பெரும்பங்கு காட்டில் விளைந்தது. அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர ஆறுதான் சாலை. அப்படிப் பார்த்தால் இரண்டு ஆறுகள் சேரும் இந்த முனை, தோட்டக்காரத் துரைகள் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வாசலாக இருந்திருக்க வேண்டும்.

1909-இல் ஆங்கிலேய–சயாம் ஒப்பந்தத்தால் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறியது. ரப்பர் விலை உச்சிக்கு ஏறிய காலமும் அதுதான். கம்பெனிகள் உள்நாட்டு நிலத்துக்குப் போட்டியிட்டன. காட்டை வெட்டிச் சாய்க்கும் குத்தகை வேலையை மலாயா முழுவதும் பெரும்பாலும் மலாய்க்காரரும் சீனரும் செய்தார்கள். எரித்த நிலத்தில் கன்று நட்டுக் களையெடுத்துப் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் எடுப்பது 1938-இல் நின்றது. இடைப்பட்ட காலத்தில் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று பத்து பெக்காக்கா தோட்டத் தமிழ்ப்பள்ளியையும் பாடெனோக் தோட்டத் தமிழ்ப்பள்ளியையும் தங்கள் பள்ளி என்று சொல்கிறவர்கள். பாடெனோக் என்பது ஸ்காட்லாந்தின் உயர்நிலத்தில் இருக்கும் ஒரு வட்டாரத்தின் பெயர். மலாயாவின் தோட்டங்களில் ஸ்காட்லாந்துக்காரத் துரைகள் ஏராளம் என்பதால் அந்தப் பெயர் இங்கே வந்ததில் வியப்பில்லை. அந்த வட்டாரத்தின் காட்டுக்கு என்ன நேர்ந்தது என்பது நமக்குத் தேவையான செய்தி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எழும் மறுப்பு இது: ரப்பரும் மரம்தானே, நிழலும் குளிர்ச்சியும் இருக்கின்றன, அதையே காடாக எண்ணி வாழ்ந்தவர்களிடம் வேறென்ன காடு என்று கேட்பார்கள். தலைமுறை தலைமுறையாக விடியலுக்கு முன் நிரையில் இறங்கி, பட்டையில் சரிவாக ஒரு கோடு இழுத்து, மங்குக் கிண்ணத்தில் பால் சொட்டுவதைப் பார்த்தவர்களின் பாசத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தரையைப் பார்க்க வேண்டும். பூர்விகக் காட்டின் தரையைக் கையால் கிளறினால் மேலே காய்ந்த சருகு, அதற்குக் கீழே பாதி மக்கிய ஈர இலை, அதைப் பின்னிப் பிடித்திருக்கும் வெள்ளைப் பூஞ்சை இழை, இவற்றுக்கெல்லாம் கீழேதான் மண். பெருமரத்தின் பலகைவேர் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும். அதன் மடிப்புகளில் சருகும் ஈரமும் தங்கும். மழை நேராக மண்ணில் விழுவதே இல்லை. மூன்று நான்கு அடுக்கு இலைகளைத் தாண்டி, பட்டை வழியே வழிந்து, சருகில் ஊறி இறங்குகிறது. தோட்டத்தில் ஒரே வயதுள்ள ஒரே இன மரங்கள். ஆண்டில் சில வாரங்கள் எல்லா மரமும் ஒன்றாக இலையுதிர்க்கும். தொடக்ககாலத் தோட்டங்களில் ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாது என்று தரையைச் சுரண்டி வைத்திருந்தார்கள். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நாட்டில் அதன் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மேல்மண் ஆற்றில் போன பிறகுதான் மூடுபயிர் போடும் பழக்கம் பரவியது. இன்றைக்கும் ஒரு கணக்கு மாறவில்லை: ரப்பரோ செம்பனையோ, 25 அல்லது 30 ஆண்டில் மறுநடவு. அப்போது மேடு முழுக்க மொட்டையாகும். காட்டுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது.

அந்தக் காடு இன்று எங்கே இருக்கிறது? கிழக்கிலும் தெற்கிலும் பேராக் எல்லையை ஒட்டிய மலைத்தொடரில், 1,862 மீட்டர் உயரமுள்ள பிந்தாங் மலையும் இனாஸ் மலையும் இருக்கும் பகுதியில் ஒரு பங்கு. வடக்கே சீக், பாலிங், பாடாங் தெராப் மாவட்டங்களில் பரவி, தாய்லாந்து எல்லைவரை போகும் உலு மூடா இன்னொரு பங்கு. அது ஏறத்தாழ 1,60,000 ஹெக்டேர். மலேசியாவில் வாழும் பத்து வகை இருவாட்சிப் பறவைகளும் உலு மூடாவில் இருக்கின்றன. யானையும் தாபிரும் உப்பு மண்ணைத் தேடி வரும் ஊற்றிடங்கள் அங்கே உண்டு. ஆனால் கோலா கெத்திலின் கணக்குக்கு இருவாட்சியைவிடத் தண்ணீர் முக்கியம். மூடா ஆற்றின் தலைப்பகுதியில் 1970 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட மூடா அணை, தண்ணீரை மலையைக் குடைந்த சுரங்க வழியாகப் பெடு ஏரிக்கு அனுப்புகிறது. அங்கிருந்து அது வடகெடாவின் நெல்வயல்களுக்குப் போகிறது. அணைக்குக் கீழே மூடா ஆற்றை ஆறாக வைத்திருப்பது பெரிதும் சீக் வட்டாரத்து ஓடைகளும் பாலிங் மலைகளிலிருந்து வரும் கெத்திலும் பிந்தாங் மலையில் பிறக்கும் செடிமும்தான். பினாங்கு மாநிலம் தன் குடிநீருக்கான நீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் மூடா ஆற்றின் கீழ்ப்பகுதியில், லஹார் தியாங்கில் எடுக்கிறது. ஜார்ஜ்டவுனில் ஒருவர் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் கோலா கெத்திலைத் தாண்டி வந்த தண்ணீரும் இருக்கிறது.

மலையில் காடு குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அனுமானம் தேவையில்லை. 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்தின் குப்பாங் பகுதியில் கம்போங் இபோய் உள்ளிட்ட கிராமங்களில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை. சேறும் பெரிய பெரிய மரக்கட்டைகளும் சேர்ந்து வந்து வீடுகளை அடித்துக்கொண்டு போயின. மூன்று பேர் இறந்தார்கள். இனாஸ் மலைச்சரிவில் காட்டை அழித்து டுரியான் தோட்டம் போட்டதுதான் காரணம் என்று கிராமத்தாரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் குற்றம்சாட்டினார்கள். மலையில் கொட்டிய பெருமழையே காரணம் என்று மாநில அரசுத் தரப்பு மறுத்தது. மழை அசாதாரணமாகப் பெய்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் ஒரே மழை, மூடிய சரிவில் விழுவதற்கும் புல்டோசர் பாதை வெட்டிய சரிவில் விழுவதற்கும் உள்ள வேறுபாட்டை அந்தச் சேறே சொல்லிவிட்டது. குப்பாங் ஆறு கெத்தில் ஆற்றில் சேர்கிறது. கெத்தில் இந்த ஊரில் மூடாவில் சேர்கிறது. மேலே அவிழ்ந்த மண் இறங்கும் வழி இதுதான்.

காடு அரசாங்கத்தின் விவகாரம், தமிழனுக்குத் தலைக்கு மேல் வேறு கவலைகள் இருக்கின்றன என்பது இரண்டாவது மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. கெடா தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களில் பலர் திரும்பவில்லை. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் உண்டு. அந்த வேதனையிலிருந்துதான் மலாயா இந்தியர்களின் தலைவர்களில் ஒருவரான வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதலில் வாங்கிய தோட்டம் இதே கெடாவின் புக்கிட் சீடிம். இத்தனை இழந்த சமூகத்திடம் மலையில் நிற்கும் மரத்தைப் பற்றிப் பேசுவது கொடுமையாகப் படலாம். ஆனால் இந்த இழப்புகளையே கவனித்துப் பாருங்கள். ஒரே பயிரை நம்பிய நிலம், அந்தப் பயிரின் விலைக்குத் தன் மக்களைப் பணயம் வைத்தது. 1974 நவம்பரில் ரப்பர் விலை விழுந்தபோது பாலிங்கில் ஆயிரக்கணக்கான மலாய் விவசாயிகள் பசியால் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் சிறுநிலக்காரர்கள், நம்மவர்கள் கூலிகள்; இரு தரப்பையும் வாட்டியது ஒரே மரத்தின் விலை. வெள்ளம் வரும்போதும் முதலில் முழுகுவது ஆற்றோரத்துத் தாழ்ந்த நிலத்தில் வீடு கிடைத்தவர்கள். அவர்களில் தமிழரும் உண்டு, மலாய்க்காரரும் உண்டு. இதே மாவட்டத்தில் உலு லெகோங் பக்கம் கென்சியூ என்ற பூர்வகுடி மக்கள் சில நூறு பேர் வாழ்கிறார்கள். கெடாவின் ஒரே ஒராங் அஸ்லி (பூர்வகுடி) குடியிருப்பு அது. நம் தோட்டங்கள் நின்ற நிலம் வெறுமையாகக் கிடந்த நிலம் அல்ல என்பதை அவர்கள் இருப்பே காட்டுகிறது. அவர்களைச் சொல்லாத ஊர் வரலாறு நேர்மையானதல்ல.

மூன்றாவது மறுப்பு பணம் பற்றியது, அதில் நியாயம் இருக்கிறது. மலேசிய அரசியலமைப்பின்படி நிலமும் காடும் மாநிலத்தின் அதிகாரம். வருமானம் குறைந்த கெடாவுக்கு வெட்டுமரமும் நிலக்குத்தகையும் கைக்கு வரும் காசு. காட்டை வைத்திருப்பவன் ஏழையாக இருக்க, தண்ணீரை எடுப்பவன் வளமாக இருப்பது சரியில்லை என்று கெடா பினாங்கிடம் பணம் கேட்பதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன். கூட்டரசு 2019-இல் மாநிலங்களுக்குக் காடு காக்கும் ஊக்கத்தொகையாக 60 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கியது. 2024-க்கு அது 200 மில்லியனாக உயர்ந்தது. எல்லா மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ளும்போது இது போதாது. ஆகவே கேட்க வேண்டியது கூடுதல் பணம். அந்தப் பணம் நீர்ப்பிடிப்பு மலையில் ஒரு மரமும் விழாது என்ற உறுதியோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். காட்டையும் வெட்டிக்கொண்டு தண்ணீருக்கும் விலை கேட்பது நிற்காது.

வெட்டினால் மறுபடி வளர்த்துக்கொள்ளலாமே என்பார்கள். இங்கேதான் ஸ்காட்லாந்தின் பாடெனோக் நமக்கு உதவுகிறது. 18ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்துப் பைன் மரங்களை வெட்டி ஸ்பே ஆற்றில் மிதக்கவிட்டுக் கடலுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஆட்டுமந்தை வந்தது, அதன் பின் வேட்டைக்காகச் செம்மான்களைப் பெருகவிட்டார்கள். முளைத்த கன்றையெல்லாம் மான் மேய்ந்தது. பழைய கலிடோனியக் காட்டில் இன்று மிஞ்சியது மிகச் சிறு பங்கு. ஆனால் பாடெனோக்கின் ஃபெஷி பள்ளத்தாக்கில் 2000-களின் நடுவிலிருந்து மான் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்ததும், நிற்கும் கிழமரங்களின் விதையிலிருந்தே பைன் கன்றுகள் தானாக எழுந்தன. இன்று அந்தப் பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் அந்த இளங்காட்டைப் பார்க்கலாம். கெடா அதைப் போலத் திரும்பிவிடும் என்று நம்ப முடியாது. பைன் விதை மெல்லியது, காற்றில் தூரம் போகும். நம் மலையின் மெராந்தி, கெருயிங் மரங்கள் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் காய்க்கின்றன. இறகு இருந்தும் கனமான அந்த விதை தாய்மரத்தின் அருகிலேயே விழுகிறது. விழுந்த சில நாளில் முளைக்க வேண்டும், இல்லையேல் செத்துப்போகும். மண்ணுக்குள் காத்திருக்கும் விதைச் சேமிப்பு என்று ஒன்று அவற்றுக்கு இல்லை. தாய்மரம் போனால் வாரிசும் போயிற்று. ஸ்காட்லாந்து செய்ய முடிந்த திருத்தத்தைச் செய்ய நமக்கு இரண்டாம் வாய்ப்பு கிடைப்பது அரிது.

ஆகவே கோலா கெத்திலுக்கு வருகிறவர்கள் கடைவரிசையோடு திரும்ப வேண்டாம். ஆறுகள் சேரும் இடத்தில் தொடங்கி, தோட்டத்துப் பள்ளிகளைப் பார்த்து, பாலிங் பக்கம் ஏறி குப்பாங்கில் ஆறு தின்ற கரையைப் பார்த்து, லாத்தா புக்கிட் ஹிஜாவ் அருவிக் காட்டிலோ செடிம் ஆற்றுக் காட்டிலோ அரை நாள் நடங்கள். தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கும் பெற்றோர் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆண்டுமலருக்கு ஊர் வரலாறு எழுதும்போது முதல் அத்தியாயத்தைக் காட்டுக்கு ஒதுக்குங்கள், பிள்ளைகளை ஆற்றின் மேல்பகுதிக்கு அழைத்துச் சென்று அந்த அத்தியாயத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.