கணினிக்கு மணி சொல்வது யார்?

(பத்தாம் வகுப்பு மாணவி, அவனியாபுரம்)

அவனியாபுரம் என்றவுடன் தைத் திங்கள் முதல் நாள் நடைபெறும் சல்லிக்கட்டுதான் எவர் நினைவிலும் எழும். அடுத்தது விமான நிலையம். நான் எழுத வந்தது அவ்விரண்டையும் பற்றியன்று, தோழியரே! எங்கள் வீட்டில் அரைநாள் சம்பளத்தைப் பறித்துச் சென்ற ஆறு நிமிடங்களைப் பற்றி.

என் அன்னை ஒரு தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறார். அங்கே காலையில் விரல் வைத்து வருகையைப் பதிய வேண்டும். 9.10 தாண்டினால் அரைநாள் சம்பளம் பிடித்தம். ஒருநாள் அம்மாவின் கைப்பேசி 9.06 காட்டியபோது இயந்திரம் 9.12 என்று பதிந்துவிட்டது. முறையிட்டதற்கு, "மிஷின் பொய் சொல்லாது" என்று விடை வந்ததாம்.

என் சித்தப்பா கணினிகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர். விவரம் கேட்டதும், "மதினி, மிஷின் பொய் சொல்லாதுதான். அதுக்கு மணி சொல்ற சர்வர் தப்பாச் சொன்னா அது என்ன செய்யும்?" என்றார். அன்று தொடங்கியது என் பாடம்.

கணினிக்குள் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அதன் துடிப்புகளை எண்ணித்தான் கணினி மணி பார்க்கிறது. வெப்பம் மாறினால் துடிப்பும் சற்றே மாறும். பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.7 வினாடி வேறுபடும். இது ஒரு பொருட்டா என்று தோன்றுகிறதல்லவா? பெருக்கிப் பார்த்தேன். ஏழு மாதத்தில் ஆறு நிமிடம்!

ஆகையால் சர்வர் தன்னைவிடச் சரியான கடிகாரத்திடம் அடிக்கடி மணி கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்கான முறையை டேவிட் மில்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1985இல் வெளியிட்டார். பிறவியிலேயே பார்வை குன்றிய அவர் 2024இல் மறைந்தார். விடை வந்து சேர்வதற்குள் நேரம் கடந்துவிடுமே என்று நான் கேட்டேன். கேள்வி புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், விடை புறப்பட்ட நேரம், வந்த நேரம் ஆகிய நான்கையும் வைத்து வழியில் கழிந்த காலத்தைக் கணக்கிட்டுவிடுகிறார்களாம். என்னே நுட்பம்!

யாரிடம் கேட்பது? ஒரு காலத்தில் நம் நாட்டு ரயில்கள் சென்னை வானாய்வகத்தின் நேரப்படி ஓடின. அது கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் 5 மணி 30 நிமிடம் முந்திய இந்தியப் பொது நேரம் வந்தது. இன்று அந்நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் சீசியம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காக்கிறது. நிறுவனங்களின் கணினிகள் அவ்வாய்வகத்தின் நேரத்தையோ, தேசிய தகவலியல் மையத்தின் நேரத்தையோ ஒட்டி நடக்க வேண்டும் என்று செர்ட்-இன் என்னும் அரசு அமைப்பு 28.4.2022 அன்று ஆணையிட்டுள்ளது.

எங்கள் வீட்டு லினக்ஸ் கணினியிலேயே சித்தப்பா செய்து காட்டினார். 'குரோனி' என்னும் நிரலை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் நேரம் தரும் சர்வர்களின் பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதினார். ஒன்று போதாதா என்றேன். ஒன்று பிசகினால் தெரியாது. இரண்டு வேறுபட்டால் எதை நம்புவது? எனவே நான்கு எழுதினார். சர்வர் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தையே வைத்திருக்குமாம். நம் ஐந்தரை மணியைக் காட்டும்போதுதான் கூட்டிக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது குரோனியின் பொறுமை. முந்தி ஓடும் கடிகாரத்தை அது சட்டென்று பின்னே இழுப்பதில்லை. இழுத்தால் பின்னால் வந்தவர் முன்னால் வந்ததாகப் பதிவாகிவிடும் அல்லவா? ஓட்டத்தைச் சற்றே தளர்த்தி, சரியான நேரம் வந்து சேரும்வரை காத்திருக்கிறது. பெரிய வேறுபாடு இருந்தால், தொடங்கும்போது மட்டும் ஒரே தாவலாகத் திருத்திக்கொள்ள ஒரு வரி சேர்க்கலாம்.

"உங்க ஆபீஸ் சர்வருக்கு மணி கேக்கிற வழி அடைபட்டிருக்கும் மதினி. 123ஆம் எண் வாயிலைப் பாக்கச் சொல்லுங்க" என்றார் சித்தப்பா. அம்மா ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தார். அவ்வாறே இருந்ததாம். மறுநாள் முதல் இயந்திரமும் அம்மாவின் கைப்பேசியும் ஒரே மணி காட்டுகின்றன. பிடித்த அரைநாள் சம்பளம் மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கும் அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார்.