அலை துரத்தும் கனவு

2004 டிசம்பர் 26க்குப் பின் பிறந்தவள் நான். ஆனாலும் மருதமுனைக் கடல் கனவில் என்னைத் துரத்தும். உம்மா சொன்ன கதைகள்தான் அலையாய் வந்திருக்க வேண்டும்.

கனவுக்குள்ளேயே ‘இது கனவு’ என்று உணரும் தெளிகனவைப் பற்றி வாசித்தேன். பகலில் அடிக்கடி மூக்கைப் பொத்தி மூச்சிழுத்துப் பார்ப்பது ஒரு வழி. கனவென்றால் மூச்சு தடைப்படாது. வகுப்பில் தோழிகள் சிரித்ததால் விட்டுவிட்டேன். உடலை உறங்கவிட்டு விழிப்போடு கனவுக்குள் நுழைவது இன்னொன்று, எனக்குப் பயம். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் லாபெர்ஜின் வழி எளிது. சில மணி நேரம் உறங்கி எழுந்து, கண்ட கனவை நினைத்து, ‘அடுத்த முறை இது கனவென்று அறிவேன்’ என்ற உறுதியோடு மீண்டும் உறங்குவது.

தஹஜ்ஜுத்துக்கு உம்மா எழுப்பும் நேரம் இதற்குப் பொருந்தியது. தொழுதுவிட்டு, கனவைக் கொப்பியில் எழுதி, சுபஹ் வரை உறங்குவேன்.

பல இரவுகள் வெறுமனே போயின. ஒருநாள் அலை எழுந்தபோது, ‘இது கனவு’ என்று தெரிந்தது. திரும்பி நின்றேன். விழித்துவிட்டேன்.

“திரும்பவும் கடலா மகள்?” என்றார் உம்மா.

“ஓம் உம்மா. ஆனா நான் ஓடல்ல.”