29 நாட்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளியில் குத்பா கருக்கலைப்பைப் பற்றியது. எங்களில் ஒருவர் பள்ளிக்குள் இருந்து கேட்டார், மற்றவர் வீட்டில் ஒலிபெருக்கியில் கேட்டார். "மேற்கத்தியர்கள் கொலையைச் சட்டமாக்கப் பார்க்கிறார்கள், இருக்கிற சட்டத்தைப் பாதுகாப்பது முஸ்லிம்களின் கடமை" என்று கதீப் உருக்கமாகச் சொன்னார். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமிலும் அதே கதை. நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில்தான் படிப்பிக்கிறோம். ஒருவர் இஸ்லாம், ஒருவர் விஞ்ஞானம். அன்று இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அஸர் வரைக்கும் பேசிக்கொள்ளவில்லை. பிறகுதான் இதை எழுதுவதென்று முடிவெடுத்தோம்.

எங்களுடைய இரண்டாவது பிள்ளையின் கதை சிலருக்குத் தெரியும். ஜனாஸாவுக்கு வந்தவர்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய ஐந்து மாதம் பெரும்பாலானோருக்குத் தெரியாது.

15ஆவது கிழமையில் ஸ்கேன். டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சேர் வெளியிலயா? உள்ள வரச் சொல்லுங்க" என்றார். அந்த நேரமே விளங்கிவிட்டது. பிள்ளைக்கு மண்டையோடு உருவாகவில்லை. மூளையின் பெரும் பகுதியும் இல்லை. அனென்செபலி என்று எழுதித் தந்தார். இதயம் மட்டும் ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது. உயிரோடு பிறந்தால் சில நிமிடம், சில மணித்தியாலம், மிஞ்சினால் சில நாள். மருந்தும் இல்லை, சத்திர சிகிச்சையும் இல்லை.

"இப்ப என்ன டொக்டர் செய்யிற?"

"ஒண்டும் செய்ய ஏலாது மிஸ். சட்டத்துல இடமில்ல. அம்மாட உயிருக்கு ஆபத்து எண்டா மட்டும்தான்."

அவரில் எங்களுக்குக் கோபமில்லை. அவர் சொன்னது தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்றும் நல்லெண்ணத்தோடு தவிர, கருவைக் கலைப்பவருக்கு 3 வருடம் வரை சிறை. வயிற்றில் பிள்ளையின் அசைவு தெரிந்த பிறகு என்றால் 7 வருடம் வரை. தானாகக் கலைத்துக்கொள்ளும் தாயும் அதில் அடக்கம்.

அந்தச் சட்டம் 1883இல் வந்தது. நாங்கள் மிம்பரில் நின்று பாதுகாக்கச் சொல்லும் சட்டம், வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைக் கோவையைப் பார்த்து விக்டோரியா மகாராணியின் காலத்தில் இங்கே போட்டது. குர்ஆனைப் பார்த்தோ ஹதீஸைப் பார்த்தோ எழுதியதல்ல. எழுதிக் கொடுத்த பிரித்தானியர்கள் தங்களுடையதை 1967இல் தளர்த்திவிட்டார்கள். இந்தியா 1971இல். இங்கே 1995இல் பாலியல் வல்லுறவு, முறைகேடான உறவு, சிசுவின் கடுமையான குறைபாடு ஆகியவற்றுக்கு இடம் கொடுக்கப் பாராளுமன்றம் வரை கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 2017இல் அமைச்சரவை மறுபடி சம்மதித்தது. மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அதுவும் சட்டமாகவில்லை.

ஸ்கேன் எடுத்த அன்று மஃரிபுக்குப் பிறகு தெரிந்த ஒரு மௌலவியிடம் போனோம். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண் கலங்கினார். "ஹராம். ஸப்ர் செய்யுங்க. அல்லாஹ் நாடினா மண்டையோட்ட முளைக்க வைப்பான்" என்றார். நல்ல மனிதர், இன்றும் மரியாதையோடுதான் ஸலாம் சொல்கிறோம். ஆனால் அவர் ஒன்றைக் கேட்கவில்லை. எத்தனை நாள் என்று கேட்கவில்லை.

இதை இஸ்லாம் பாட ஆசிரியராகவும் விஞ்ஞான பாட ஆசிரியராகவும் சேர்ந்தே சொல்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இப்னு மஸ்ஊத் (ரழி) அவர்களின் ஹதீஸைப் பெரும்பாலான அறிஞர்கள் 120 நாள் என்று விளங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு ரூஹ் ஊதப்படுகிறது. அதன் பின் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர கலைக்கக் கூடாது. அதற்கு முன் என்ன என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஹனபிகளில் சிலர் இடம் கொடுத்தார்கள். எங்கள் ஷாபிஈ மத்ஹபில் இமாம் கஸ்ஸாலி ஆரம்பத்திலிருந்தே கூடாது என்றார், ஆனால் கட்டத்துக்குக் கட்டம் குற்றம் கூடுகிறது என்றும் சொன்னார். 1990இல் மக்காவில் கூடிய ராபிதாவின் பிக்ஹ் சபை ஒரு தீர்மானம் எடுத்தது. 120 நாளுக்கு முன், சிசுவுக்குச் சிகிச்சையில்லாத கடுமையான குறைபாடு என்று நம்பகமான நிபுணர் குழு பரிசோதித்து உறுதி செய்தால், பெற்றோர் கேட்டுக்கொண்டால், கலைக்கலாம்.

பெற்றோர் கேட்டுக்கொண்டால். அந்த வரியை நாங்கள் எத்தனை தடவை வாசித்திருப்போம் என்று சொல்ல முடியாது.

வைத்தியர்கள் கிழமை எண்ணுவது கடைசி மாதவிடாயிலிருந்து. கரு உண்டாவது அதற்கு இரண்டு கிழமை கழித்து. ஆகவே எங்களுடைய 15 கிழமை என்பது உண்மையில் 13 கிழமை, 91 நாள். 120க்கு 29 நாள் இருந்தது. இந்தக் கணக்கை அடுத்த நாள் இரவு ஒரு பழைய கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்பாலான தாய்மாருக்குக் குறைபாடு பார்க்கும் ஸ்கேன் 18இலிருந்து 22 கிழமைக்குள் நடக்கும். 120 நாள் 19ஆவது கிழமையில் முடிகிறது. மண்டையோடு இல்லாததை 12, 13 கிழமையிலேயே காணலாம், ஆனால் அந்த நேரம் ஸ்கேன் செய்தால்தானே. சட்டம் நாளையே மாறினாலும் கிளினிக்கில் திகதி பிந்திக் கிடைத்தவளுக்கு மார்க்கத்தின் வாசல் மூடியிருக்கும். இதை யாரும் கதைப்பதாகத் தெரியவில்லை.

அந்த 29 நாளில் இரண்டு பேர் வந்து ரகசியமாக வழி சொன்னார்கள். ஒருவர் கொழும்பில் ஓர் "இடம்" இருக்கிறதென்றார். மற்றவர், "சென்னைக்குப் போய் வாங்க, ஒரு கிழமையில எல்லாம் முடியும்" என்றார். சென்னைக்குப் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். காசுள்ளவருக்கு 303ஆம் பிரிவு கட்டுநாயக்காவோடு முடிந்துவிடுகிறது.

நாங்கள் போகவில்லை. காசு ஒரு காரணம். உண்மையைச் சொன்னால், எங்களுக்குள் ஒரே முடிவு இருக்கவில்லை. ஒருவருக்குத் துடிக்கிற இதயத்தைப் பார்த்த பிறகு மனம் வரவில்லை. மற்றவர், "பிள்ளையைக் கபனிடத்தான் இவ்வளவு மாதமும் சுமக்க வேணுமா" என்று கேட்டார். எந்தக் கேள்வி யாருடையது என்று சொல்ல மாட்டோம். நீங்கள் நினைப்பது போல் இல்லை. சட்டம் இடம் கொடுத்திருந்தால் நாங்கள் கலைத்திருப்போமா? இன்றைக்கும் இரண்டு பேருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வியை இரண்டு பேருமாக உட்கார்ந்து, இஸ்திகாரா தொழுது, அழுது முடிவு செய்யும் பொறுப்பு எங்களிடம் வரவேயில்லை. அது 1883இலேயே முடிந்திருந்தது.

30ஆவது நாளும் வந்து போனது. அதற்குப் பிறகு நாங்கள் இந்தக் கதையே எடுக்கவில்லை.

பிள்ளையால் விழுங்க முடியாததால் பன்னீர்க்குடத்தில் நீர் கூடிக்கொண்டே போனது. வயிறு இரட்டைப் பிள்ளைபோல் இருந்தது. படிக்கட்டு ஏறினால் மூச்சு முட்டும். தரம் 8 பிள்ளைகள் கூட்டமாக வந்து, "மிஸ், பேபிக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று கேட்பார்கள். கன்டீன் ராத்தா நெய்ச்சோற்றைத் தனியாக எடுத்து வைப்பார். உம்மா மட்டும் பிள்ளை உடுப்பு ஒன்றும் வாங்கவில்லை. பேசாமல் வெள்ளைச் சீலை ஒரு யார் வாங்கி அலுமாரியில் வைத்திருந்தார். அதை நாங்கள் பிறகுதான் கண்டோம்.

பெண் பிள்ளை. 47 நிமிடம் இருந்தாள். தாதி தொப்பி போட்டுத்தான் கையில் தந்தார். காதுகள் வடிவாக இருந்தன. அதில் பாங்கு சொன்னோம். உயிரோடு பிறந்ததால் பெயர், குளிப்பாட்டல், கபன், தொழுகை எல்லாம் உண்டு. பெயரை இங்கே எழுதவில்லை. அந்த 47 நிமிடத்துக்காக நாங்கள் அல்லாஹ்வைப் புகழ்கிறோம், பொய்யில்லை. ஆனால் அதை வைத்து இன்னொரு தாயிடம், "பாருங்க, அவங்க சுமந்தாங்கதானே" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். போன வருடம் ஒருவர் சொல்லியிருக்கிறார். கேள்விப்பட்டு ஒரு கிழமை தூக்கம் வரவில்லை.

கலியாணம் முடித்த தங்கச்சிமாரே, குடும்ப நல உத்தியோகத்தர் தரும் ஃபோலிக் அமில வில்லையைக் கரு தங்கும் முன்பே போடத் தொடங்குங்கள். இந்தக் குறைபாடு வரும் வாய்ப்பை அது குறைக்கும். முதலில் இப்படி நடந்தவர்களுக்குக் கூடுதல் அளவு கொடுப்பார்கள், வைத்தியரிடம் கேளுங்கள். எங்கள் கடைசி மகன் அப்படித்தான் பிறந்தான், அல்ஹம்துலில்லாஹ்.

வருகிற வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு கதீபிடம் போகிறோம். இரண்டு பேரும்தான் போகிறோம். ஸ்கேன் தாளையும் மக்கா தீர்மானத்தின் பிரதியையும் அந்தக் கொப்பியையும் எடுத்து வைத்திருக்கிறோம். துஆ செய்யுங்கள்.