குன்றிமணியா, மஞ்சாடியா?



தாம் தவறாகக் கற்பித்ததை ஒப்புக்கொள்வது ஓர் ஆசிரியருக்கு எளிதன்று. நெடுநாளாக மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் அத்தகைய தவறு ஒன்றை இன்று எழுதிவிடலாம் என்று தோன்றியது. அது ஒரு சிற்பத்தோடும் ஒரு சிறு விதையோடும் தொடர்புடையது.

2017ஆம் ஆண்டு, தாய்மொழி இருவாரத்தின்போது, தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பு மாணவர்களை ஸ்டாம்ஃபோர்டு சாலையிலுள்ள தேசிய அரும்பொருளகத்திற்கு அழைத்துச் சென்றேன். இத்தகைய கற்றல் பயணங்களில் வழக்கமாகப் பயிற்சித்தாள் கொடுப்போம். கோடிட்ட இடங்களை நிரப்புவதற்காகப் பிள்ளைகள் விளக்கப் பலகைகளைத் தேடி ஓடுவார்கள், பொருள்களைப் பார்க்கமாட்டார்கள். ஆகவே அன்று ஆளுக்கொரு வெள்ளைத்தாளும் பென்சிலும் மட்டும் கொடுத்தேன். "உங்களுக்குப் பிடித்த ஒன்றை வரையுங்கள். வரைந்ததன் ஒவ்வொரு பகுதிக்கும் தமிழில் பெயர் எழுதுங்கள்" என்றேன். அவ்வளவுதான் பணி.

அரும்பொருளகத்தில் வில்லியம் ஃபார்குவார் தொகுப்பு என்ற அரிய செல்வம் இருக்கிறது. சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்டாக வருவதற்கு முன்னர் ஃபார்குவார் மலாக்காவில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். அக்காலத்தில் இவ்வட்டாரத்துச் செடிகொடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்தார். மொத்தம் 477 ஓவியங்கள். வரைந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால், இலையின் நரம்பையும் இறகின் விளிம்பையும் அவர்கள் எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள் என்பது ஒவ்வொரு தாளிலும் தெரிகிறது. காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த சிலவற்றின் முன்னால் பிள்ளைகள் தரையில் அமர்ந்து வரையத் தொடங்கினார்கள்.

ஒரு மாணவன் மட்டும் வெறுந்தாளோடு நின்றான். "எனக்கு வரையத் தெரியாது, ஐயா" என்றான். தமிழ் வகுப்பிலும் அவன் அப்படித்தான். கட்டுரை எழுதச் சொன்னால், மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரையின் முதல் பத்தியை எழுதிவிட்டு நிறுத்திவிடுவான். அந்த மாதிரிக் கட்டுரைகளை அவனுக்குக் கொடுத்தவன் நானே.

வெளியே வந்தபோது அவன் ஒரு சிற்பத்தின் முன்னால் நின்றுவிட்டான். அது வெண்கலத்தில் செய்யப்பட்ட மாபெரும் சிவப்பு மிளகாய். குமாரி நாகப்பன் என்ற சிங்கப்பூர்க் கலைஞர் 2006ஆம் ஆண்டில் படைத்தது. 'பெடாஸ் பெடாஸ்' என்பது அதன் பெயர். மலாய் மொழியில் 'பெடாஸ்' என்றால் காரம். அந்த மாணவன் சிற்பத்தை இரண்டு முறை சுற்றிவந்தான். பிறகு தரையில் அமர்ந்து அதன் வளைவை வரைந்தான். 'காம்பு', 'நுனி' என்று எழுதிவிட்டு, "ஐயா, மிளகாய்க்கு ஏன் மிளகாய் என்று பெயர்?" என்று கேட்டான். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக நம்மை வந்தடைந்த காய் என்பதையும், அதற்குமுன் நம் சமையலில் காரத்திற்கு மிளகையே நம்பியிருந்தோம் என்பதையும், மிளகைப்போல் காரம் தந்த காய் 'மிளகாய்' ஆயிற்று என்பதையும் சொன்னேன். அன்று அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான். எனக்குப் பெருமகிழ்ச்சி.

அந்த மகிழ்ச்சியில் மறுவாரம் வகுப்பில் அக்கலைஞரைப் பற்றிப் பேசினேன். அவர் 1953ஆம் ஆண்டில் மலேசியாவின் கிள்ளானில் பிறந்தவர். உள்ளரங்க வடிவமைப்பாளராகப் பணியாற்றிவிட்டு ஓவியம், சிற்பத்துறைக்கு வந்தவர். ஆர்ச்சர்ட் சாலையில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஐயான் கடைத்தொகுதியின் வெளியே, பிளந்த சாதிக்காயையும் அதனுள் சிவந்து தெரியும் சாதிபத்திரியையும் வெண்கலத்தில் வடித்தார். 19ஆம் நூற்றாண்டில் அச்சாலையின் இருபுறமும் சாதிக்காய்த் தோட்டங்கள் இருந்தன. மரங்களை நோய் தாக்கியதால் அத்தொழில் அழிந்துபோயிற்று. இன்று கடைகளுக்காக மட்டுமே அங்கே செல்லும் நமக்கு அந்த மண்ணின் பழைய கதையை அச்சிற்பம் நினைவூட்டுகிறது.

இறுதியாக, சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திற்காக அவர் 2007இல் படைத்த 'சாகா' சிற்பத்தின் படத்தைக் காட்டினேன். சாகா மரத்தின் சிவப்பு விதையைப் பெரிதாக்கிய வடிவம் அது. "இந்த விதையைத் தமிழில் குன்றிமணி என்போம்" என்று சொல்லி வெண்பலகையில் எழுதினேன். மாணவர்கள் அனைவரும் தங்கள் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நடந்தது. அந்த மாணவனுடன் அவனுடைய பாட்டி வந்திருந்தார். மதிப்பெண் பற்றிப் பேசி முடித்ததும் கைப்பையிலிருந்து ஒரு சிறிய தகர டப்பாவை எடுத்து என் மேசைமீது வைத்துத் திறந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். பேரன் ஏட்டுல பார்த்தேன். நீங்க எழுதிக்கொடுத்தது இது" என்று கருங்கண் கொண்ட ஒரு சிறு விதையைக் காட்டினார். "படத்துல இருந்ததா அவன் சொல்றது இது" என்று முழுச்சிவப்பான, சற்றுப் பெரிய, தட்டையான விதையைக் காட்டினார். "இது மஞ்சாடி. ரெண்டு குண்டுமணி, ஒரு மஞ்சாடி. என் மாமனார் ஊர்ல பொன்னு நிறுக்கறப்ப இதுதான் எடை."

எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அவர் சொன்னது முற்றிலும் உண்மை. குன்றிமணி ஒரு கொடியின் விதை. மஞ்சாடி ஒரு பெருமரத்தின் விதை. ஏறக்குறைய கால் கிராம் எடை என்பதாலும், விதைக்கு விதை எடை பெரிதும் மாறாது என்பதாலும், பொற்கொல்லர்கள் மஞ்சாடியை எடைக்கல்லாகப் பயன்படுத்தினார்கள். இன்னொன்றும் உண்டு. குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து; அதில் கொடிய நஞ்சு இருக்கிறது. கீழே கிடக்கும் சிவப்பு விதைகளைப் பொறுக்கி விளையாடும் பிள்ளைகளுக்கு இரண்டையும் ஒன்றென்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! பிள்ளைகளை உற்றுப் பார்க்கச் சொன்ன நான், அந்த விதையை உற்றுப் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பில், "நான் தவறாகச் சொல்லிவிட்டேன். திருத்தியவர் நம் மாணவர் ஒருவரின் பாட்டி" என்று கூறி, வெண்பலகையில் இரண்டு பெயர்களையும் எழுதினேன். பாட்டியின் அனுமதியோடு அந்த டப்பாவை மூடிய கண்ணாடிப் புட்டி ஒன்றில் மாற்றிக் காட்டினேன். பிள்ளைகள் இரண்டு விதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்து வரைந்தார்கள். வேறுபாட்டை அதன்பிறகு யாரும் மறக்கவில்லை.

அந்த வாரம் அந்த மாணவன் எழுதிய கட்டுரையில் கதிரவன் உதிக்கவில்லை, பறவைகள் கீச்சிடவில்லை. 'எங்கள் பாட்டியிடம் ஒரு டப்பா இருக்கிறது' என்று தொடங்கியிருந்தான். எழுத்துப்பிழைகள் பன்னிரண்டு. ஆனால், அதில் மனப்பாடம் செய்த வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதை நான் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறேன்.

குமாரி நாகப்பன் சாகா விதைகளைக் குவித்துக் காட்சியரங்குகளிலும் படைப்புகள் செய்திருக்கிறார். நம் காலடியில் கிடப்பவற்றையும் நம் அடுப்படியில் இருப்பவற்றையும், யாரும் கண்டுகொள்ளாமல் கடக்க முடியாத அளவுக்கு அவர் பெரிதாக்கிவிடுகிறார். அதன் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு அது என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தக் கேள்விக்குச் சரியான பெயரைச் சொல்ல வேண்டிய பொறுப்பு, என்போன்ற ஆசிரியர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் உரியது. எல்லாப் பெயர்களும் எனக்குத் தெரியாது என்பதை அந்தத் தகர டப்பா எனக்குக் கற்பித்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இத்தகைய டப்பா ஒன்று இருக்கலாம். அதைத் திறந்து காட்டச் சொல்லி, உள்ளே இருப்பவற்றின் பெயர்களைக் கேட்டு எழுதிவையுங்கள். சென்ற ஆண்டு அந்தப் பாட்டி காலமானார் என்று அறிந்தேன். டப்பா பேரனிடம் இருக்கிறதாம்.