புள்ளியும் சாய்கோடும்

சி லேப்பின் முதல் வகுப்பில் கம்பைல் செய்வது பலருக்கும் கைகூடிவிடும். அடுத்த நிமிடமே "சார், அவுட்புட் வரல" என்று நாலு பக்கமும் குரல் எழும். பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் நெடுங்காலமாக அந்தக் குரலுக்குப் பதில் சொல்வதுதான் என் வேலை. விரும்பிச் செய்கிறேன்.

ஜிசிசி கம்பைலர் ஒன்றும் சொல்லாமல் ப்ராம்ப்ட்டுக்குத் திரும்பினால் கம்பைல் ஆகிவிட்டது என்று அர்த்தம். பெயர் கொடுக்கவில்லையென்றால் ஏ.அவுட் என்று ஒரு கோப்பு உருவாகியிருக்கும். கென் தாம்சன் பிடிபி-7 கணினிக்கு எழுதிய அசெம்பிளர் தன் வெளியீட்டுக்கு இட்ட பெயர் அது. லினக்ஸில் கோப்பின் உள்ளமைப்பு இஎல்எஃப் என்று மாறி வெகுநாளாகிறது, பெயர் மாறவில்லை.

அந்தக் கோப்பை ஓட்டத்தான் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் போடுகிறோம். புள்ளி என்றால் நாம் நிற்கும் ஃபோல்டர். வெறும் பெயரை அடித்தால் ஷெல் தன் சொந்தக் கட்டளைகளிலும், பிறகு பாத் பட்டியலில் உள்ள இடங்களிலும் மட்டுமே தேடும். நம் ஃபோல்டர் அந்தப் பட்டியலில் இருக்காது. இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. பலர் புழங்கும் கணினியில் யாராவது எல்எஸ் என்ற கட்டளையின் பெயரில் விஷமக் கோப்பை வைத்துவிட்டுப் போனால், நாம் எல்எஸ் என்று அடிக்கும்போது அது ஓடிவிடக் கூடாதல்லவா? விண்டோஸின் பழைய கமாண்ட் ப்ராம்ப்ட் நிற்கும் ஃபோல்டரையே முதலில் பார்க்கும். அதில் பழகி வந்தவர்களுக்குத்தான் இங்கே திகைப்பு.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த மூத்தவர் மாணவர்களின் கீபோர்டைத் தொடவே மாட்டார். திரையில் கடைசி வரிக்குக் கீழே விரலை ஓட்டி, "படிம்மா" என்பார், அவ்வளவுதான். 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்றால் புள்ளி-சாய்கோடு விட்டுப்போயிருக்கும். 'நோ சச் ஃபைல்' என்றால் பெரும்பாலும் ஃபோல்டரோ எழுத்தோ தவறு. 'பர்மிஷன் டினைட்' என்றால் சி கோப்பையே ஓட்டப் பார்த்திருப்பார்கள்.

ஒருமுறை ஒரு மாணவி தன் ப்ரோகிராமுக்கு டெஸ்ட் என்று பெயர் வைத்துவிட்டாள். வெறும் பெயரை அடித்தால் எரரும் இல்லை, அவுட்புட்டும் இல்லை. பிரின்ட்எஃப் வரியை மாற்றி மாற்றி எழுதிக் கண் கலங்கிவிட்டாள். மூத்தவர் பொறுமையாக, "டைப் டெஸ்ட்னு அடிச்சுப் பாரும்மா" என்றார். அது ஷெல்லுக்குள்ளேயே இருக்கும் கட்டளை என்று பதில் வந்தது. இத்தனை நேரம் ஓடியது அவள் எழுதியதே அல்ல. புள்ளி-சாய்கோடு போட்டதும் அவளுடைய வரி திரையில் வந்தது.

இன்னொரு தொல்லை, திருத்தியும் பழைய விடையே வருவது. சேமிக்காமல் கம்பைல் செய்திருப்பார்கள். அல்லது கம்பைல் தோற்று, பழைய ஏ.அவுட் அப்படியே கிடக்கும். கம்பைல் கட்டளையையும் ஓட்டும் கட்டளையையும் && போட்டு ஒரே வரியில் எழுதுங்கள். முதலாவது தோற்றால் இரண்டாவது ஓடாது. இந்தப் பழக்கம் ஒன்றே பாதி எரிச்சலைத் தவிர்க்கும்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முதல் சில வாரங்களுக்காவது ரன் பட்டனைத் தொடாதீர்கள். கட்டளையைக் கையால் அடியுங்கள். வரும் வரியை முழுதாகப் படித்துவிட்டு அடுத்ததை அடியுங்கள்.