மலை ரெயிலும் மேஜை ரெயிலும்

நீலகிரிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்ச்சியை நாடிப் போகிறார்கள். சிலர் மலர்க் கண்காட்சிக்காகப் போகிறார்கள். ஆனால், கையில் அளவு நாடாவும், தடித்த நோட்டுப் புத்தகமும், காதில் செருகிய பென்சிலுமாகப் புறப்பட்ட மனிதர் ஒருவரைச் சென்ற மாதந்தான் நாம் முதன் முதலாகக் கண்டோம். அவர் நம்முடைய பழைய சிநேகிதர். சிறிய ரெயில்கள் செய்வதில் தீராத பித்துக் கொண்டவர். அவருக்குத் துணையாகப் போய் வந்த விருத்தாந்தத்தையே நேயர்களுக்கு இங்கே சொல்ல முன் வந்தோம்.

சிறிய ரெயில் என்றதும், சாவி கொடுத்தால் வட்டமிடும் தகரப் பொம்மையை நேயர்கள் நினைத்துக் கொள்ள வேண்டாம். சிநேகிதர் வீட்டு மாடியில் நீண்ட மேஜை ஒன்று இருக்கிறது. உலகத்தில் 87 அடி நீளமுள்ள எந்தப் பொருளும் அந்த மேஜையின் மேல் ஒரே அடியாகச் சுருங்கிவிட வேண்டும் என்பது சட்டம். இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டவர்கள் மேல் நாடுகளில் மிகுதியாகக் கைக்கொள்ளும் அளவு இதுவே. நீலகிரி ரெயிலின் தண்டவாளங்களுக்கிடையே உள்ள ஒரு மீட்டர் அகலம், அவ்விடத்தில் 12 மில்லிமீட்டராகி விடுகிறது.

"மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையில் முழுப் பாதையையுமே செய்துவிடலாமே?" என்று நாம் வெகுளித்தனமாகக் கேட்டோம்.

சிநேகிதர் புன்னகை புரிந்தார். "பாதையின் நீளம் 46 கிலோமீட்டர், ஐயா. 87-ஆல் வகுத்தாலும் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. போகட்டும், மலை ஏற வேண்டாமா? சுமார் 330 மீட்டர் உயரத்தில் தொடங்கி 2,200 மீட்டரில் முடிகிறது. அதைச் சுருக்கினால் ஏழு மாடிக் கட்டடம்! என் வீட்டில் யார் பதில் சொல்வது?" என்றார்.

ஆகவே, அவர் ஹில்குரோவ் என்னும் ஒரே ஒரு ஸ்டேஷனோடு திருப்தி அடைவதென்று தீர்மானித்திருந்தார். அதை அளந்து வருவதற்குத்தான் இந்தப் பிரயாணம்.

காலை ஏழு மணி சுமாருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி புறப்பட்டது. மற்ற ரெயில்களில் எஞ்சின் முன்னே நின்று இழுக்கும். இங்கேயோ அது பின்னே நின்று, குழந்தையை நடை பழக்கும் தாயைப் போல், வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வருகிறது. பவானி நதியையும் பாக்குத் தோப்புகளையும் தாண்டிக் கல்லாறு சேரும் வரையில் பாதை சமவெளிதான். அதற்கப்பால் மலை செங்குத்தாக எழும்பி நிற்கிறது. சில இடங்களில் 12 அடி போவதற்குள் ஓர் அடி ஏற வேண்டும். வழவழப்பான இரும்புச் சக்கரம் அத்தகைய சரிவில் பிடிப்பில்லாமல் வழுக்கிவிடும். ஆதலால், கல்லாற்றிலிருந்து குன்னூர் வரையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டைச் சேர்த்துப் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல் இருக்குமிடத்தில் மற்றொன்றின் இடைவெளி இருக்கும். எஞ்சினுக்கு அடியிலுள்ள பற்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டே ஏறும். ஒரு கணமேனும் பிடி நழுவாது. ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரோமன் ஆப்ட் என்பவர் கண்ட உபாயம் இது. 1899-ல் குன்னூர் வரையிலும், 1908-ல் உதகமண்டலம் வரையிலும் இந்தப் பாதை திறக்கப்பட்டது. 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள்! 2005-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிப்பதற்காக வண்டி நின்றது. பிரயாணிகள் தேநீர் குடிக்க இறங்கினார்கள். நமது சிநேகிதரோ மேடையின் அகலத்தையும், படிகளின் உயரத்தையும், கூரையின் சரிவையும் அளப்பதில் மூழ்கிவிட்டார். வண்டிக்கு வண்டி ஒருவர் வீதம் பிரேக் பிடிப்பதற்கு இந்த ரெயிலில் ஆட்கள் உண்டு. அவர்களில் வயது முதிர்ந்த ஒருவர் அருகில் வந்து, "என்னங்க ஸார், ஏதாவது புகாரா?" என்று கவலையோடு விசாரித்தார்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. சிநேகிதர் தாம் செய்து முடித்த வண்டிகளின் புகைப்படத்தை எடுத்துக் காட்டினார். பெரியவர் அதை வெகு நேரம் உற்றுப் பார்த்தார்.

"எல்லாம் அச்சாக இருக்குதுங்க. ஆனால் எங்களைக் காணோமே? ஏறும்போது எஞ்சின் தள்ளும், ஸார். இறங்கும்போது அதன் ஊதலைக் கேட்டு நாங்கள் பிரேக்கைப் பிடித்தால்தான் வண்டி ஒழுங்காக இறங்கும்" என்றார் அவர்.

சிநேகிதர் பதில் பேசவில்லை. குன்னூர் வரையில் நோட்டுப் புத்தகத்தைத் திறக்கவுமில்லை.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி விட்டு டீஸல் எஞ்சினைப் பூட்டினார்கள். விலகிப் போகும் அந்தக் கரிய உருவத்தைப் பார்த்தவாறு நாம், "இதற்கெல்லாம் இன்னும் எத்தனை காலம் ஆயுள் இருக்கும்?" என்று பெருமூச்சு விட்டோம். ஏனெனில், 1914 முதற்கொண்டு இந்த மலைக்கு இவ்வகை எஞ்சின்களைச் செய்து அனுப்பிய விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலை இன்று பழைய உருவில் இல்லை.

"ஏன் இராது? திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலையில் நம்மவர்கள் இருக்கிறார்களே!" என்றார் சிநேகிதர், உற்சாகம் திரும்பியவராக.

உண்மைதான். பொன்மலை ரெயில்வே தொழிற்சாலையில் நம் தொழிலாளிகள் 2011 முதல் எண்ணெயால் எரியும் புதிய எஞ்சின்களை இந்த மலைக்காகச் செய்து கொடுத்தார்கள்; 2021-ல் நிலக்கரி எஞ்சின் ஒன்றையும் செய்து முடித்தார்கள். அந்நிய தேசத்திலிருந்து வந்த பழைய எஞ்சினின் அமைப்பைத் துருவி அறிந்து, அதே உருவில் புதியதைப் படைத்தார்கள். நமது சிநேகிதர் மேஜையின் மேல் செய்கிற வேலையும் அதுதான். அவர் 87-ல் ஒரு பங்காகச் சுருக்குகிறார், அவர்களோ சுருக்கவில்லை. ஒரு பொருளைத் தன் கையால் மறுபடியும் செய்யத் தெரிந்தவர்கள் உள்ளவரையில், அந்தப் பொருளுக்கு அழிவு ஏது?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிநேகிதர் வீட்டு மாடிக்குப் போயிருந்தோம். ஹில்குரோவ் இன்னும் அட்டையும் பசையுமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வண்டியின் முன் மேடையிலும் இரண்டு சென்டிமீட்டர் உயரமுள்ள மனிதர் ஒருவர், பிரேக்கில் கை வைத்தபடி நிற்கிறார். அவர்களில் ஒருவருக்குத் தலை நரைத்திருக்கிறது.