எஸ்.எஸ்.டி. போட்டால் விமானம் வேகமாகப் பறக்குமா?

இரவு ஒன்பதே முக்கால். தங்கை காலேஜ் ப்ராஜெக்ட்டை சேவ் செய்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தால்தான் கம்ப்யூட்டர் அவன் கைக்கு வரும். பத்தரைக்கு அப்பா வந்து விளக்கை அணைப்பார். நடுவில் கிடைக்கும் முக்கால் மணி நேரம்தான் அவனுடைய வானம்.

அவன் பி.காம். மூன்றாம் ஆண்டு. சின்ன வயதிலிருந்தே பைலட் ஆசை. ஆனால் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் குரூப். அவன் பிளஸ் டூ முடித்த 2021-ல், இந்தியாவில் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தப் பாடங்களைத் தனியாக எழுதித் தேறலாம்தான். ஆனால் அதற்குப் பிறகு 200 மணி நேரம் விமானம் ஓட்டிப் பழக வேண்டுமே! அதற்கு ஆகும் பணத்தைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசியதுகூட இல்லை. ஆகவே அவனுக்குக் கிடைத்த ஒரே காக்பிட், மேஜை மேல் இருந்த பழைய கம்ப்யூட்டரும் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரும்தான். (மைக்ரோசாஃப்ட் இந்தத் தொடரின் முதல் பதிப்பை ஐ.பி.எம். பி.சி.க்கு வெளியிட்டது 1982-ல். விண்டோஸையே விட மூத்தது!)

இது 2023-ல் நடந்தது. கம்ப்யூட்டரின் ஜாதகம் இது: நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜி.பி. ரேம், சுமாரான ஒரு கிராபிக்ஸ் கார்டு, 1 டி.பி. ஹார்ட் டிஸ்க். நான்கு மாதம் பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சி ட்யூஷன் எடுத்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. அதில் ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும். எஸ்.எஸ்.டி.யா, ரேமா, கிராபிக்ஸ் கார்டா?

கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்தான்: "எஸ்.எஸ்.டி. போடு, கம்ப்யூட்டர் பறக்கும்!" கம்ப்யூட்டர் பறக்கும், சரி. விமானம் பறக்குமா? அதுதான் கேள்வி.

முதலில் கொஞ்சம் கணக்கு

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுற்றுகிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி செகண்ட். நமக்கு வேண்டிய தகவல் ஊசிக்குக் கீழே வந்து சேர சராசரியாகப் பாதிச் சுற்று காத்திருக்க வேண்டும், அது 4.2 மில்லி செகண்ட். அதற்கு முன்னால் ஊசி சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 8 அல்லது 9. ஆக, சிதறிக் கிடக்கும் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் சுமார் 12, 13 மில்லி செகண்ட்.

எஸ்.எஸ்.டி.யில் தட்டும் இல்லை, ஊசியும் இல்லை. எல்லாம் சிப்தான். அதே துண்டு சுமார் 0.1 மில்லி செகண்டில் வந்துவிடும். கிட்டத்தட்ட நூறு மடங்கு! இங்கும் அங்குமாக ஆயிரம் துண்டுகள் எடுக்க வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்குக்குப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகும். எஸ்.எஸ்.டி.க்கு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

"அப்படியென்றால் ஃப்ரேம் ரேட்டும் நூறு மடங்கு ஏறுமா?" என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம்.

திரையில் ஒரு நொடிக்கு 30 படம் ஓட வேண்டும் என்றால் ஒவ்வொரு படத்தையும் 33 மில்லி செகண்டுக்குள் வரைந்து முடிக்க வேண்டும். அந்த நேரத்தில் வேலை செய்வது யார்? விமானம் எங்கே இருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது, எதை வரைய வேண்டும் என்று கணக்குப் போடுவது ப்ராசசர். வரைவது கிராபிக்ஸ் கார்டு. இருவரும் பொருளை எடுப்பது ரேமிலிருந்தும் கார்டின் சொந்த மெமரியிலிருந்தும். ஹார்ட் டிஸ்க் அந்த அறையிலேயே இல்லை. அது குடோன். சமையல்காரர் அடுப்பில் நிற்கும்போது குடோன் கதவு எவ்வளவு வேகமாகத் திறந்தால் என்ன? அரிசி ஏற்கெனவே அடுப்படிக்கு வந்துவிட்டதே!

குடோன் இரண்டு இடங்களில் முக்கியமாகிறது. ஒன்று, சமையல் தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் கொண்டு வந்து இறக்கும்போது, அதாவது லோடிங் நேரத்தில். இன்னொன்று, பாதிச் சமையலில் ஒரு பொருள் தீர்ந்துபோய் ஆள் அனுப்பும்போது, அதாவது பறக்கும்போது வரும் அந்தத் திடீர் திக்கல்.

செஸ்னா 172 மாதிரிச் சின்ன விமானம் 110 நாட் வேகத்தில் போனால் நொடிக்குச் சுமார் 57 மீட்டர் கடக்கும். பெரிய ஜெட் விமானம் 450 நாட்டில் போனால் நொடிக்கு 230 மீட்டர். ஒவ்வொரு நொடியும் புதிய நிலம், புதிய மரம், புதிய வீடு. வேகம் கூடக்கூட, புதிதாகக் கொண்டுவர வேண்டிய சரக்கும் கூடும்.

கம்பெனி என்ன சொன்னது?

2020 ஆகஸ்டில் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்குக் கொடுத்த சிஸ்டம் பட்டியலைப் பார்த்தாலே பாதி விடை இருக்கிறது. குறைந்தபட்சத் தேவை, பரிந்துரை, உயர்நிலை என்று மூன்று வரிசை. மூன்றுக்கும் 150 ஜி.பி. இடம் வேண்டும். எஸ்.எஸ்.டி. என்று தனியாகக் குறிப்பிட்டது உயர்நிலை வரிசையில் மட்டும்தான். ஆனால் ரேம்? 8, 16, 32 என்று வரிசைக்கு வரிசை இரட்டிப்பாகிறது. இணைய வேகம்கூட 5, 20, 50 மெகாபிட் என்று ஏறுகிறது. உலகத்தின் தரைப்படம் இரண்டு பெட்டாபைட்டுக்கு மேல் அவர்கள் சர்வரில் இருக்கிறது, பறக்கப் பறக்க அது இறங்கும். நம் வீட்டு எஸ்.எஸ்.டி. எவ்வளவு வேகமானாலும், இணையத்திலிருந்து இன்னும் வந்து சேராததை அதனால் கொடுக்க முடியாது.

இதெல்லாம் அவன் படித்தான். படித்துவிட்டும் முடிவெடுக்க முடியவில்லை.

காஸ்ட் அக்கவுண்டிங் வகுப்பு

முடிவு வந்தது கல்லூரியில். மார்ஜினல் காஸ்டிங்கில் "லிமிட்டிங் ஃபேக்டர்" நடத்திக்கொண்டிருந்தார்கள். காமர்ஸ் நண்பர்களுக்குச் சொல்லவே வேண்டாம். மற்றவர்களுக்கு: ஒரு தொழிற்சாலையில் எது பற்றாக்குறையோ அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். மெஷின் நேரம் பற்றாக்குறை என்றால், எந்தப் பொருள் அதிக லாபம் தருகிறது என்று பார்க்கக் கூடாது. ஒரு மெஷின் மணிக்கு எது அதிகம் தருகிறது என்று பார்க்க வேண்டும். பற்றாக்குறை இல்லாத இடத்தில் காசைக் கொட்டினால் உற்பத்தி ஒரு துளிகூட ஏறாது.

அன்று இரவு அவன் விளையாடவில்லை. நோட்டும் கையுமாக உட்கார்ந்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தான். ஆன் செய்ததிலிருந்து ஹார்ட் டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, கீழே இறங்கவே இல்லை. மெனு வந்தது. நியூயார்க் பக்கம் டீட்டர்போரோவிலிருந்து ஒரு செஸ்னாவை எடுத்தான். மறுபடி லோடிங். விமானம் ஓடுபாதையில் நிற்கும்போது கடிகாரத்தைப் பார்த்தான், 23 நிமிடம் போயிருந்தது. 45-ல் 23! ஹட்சன் ஆற்றின் மேல் பறக்கும்போது டிஸ்க் அமைதியாகிவிட்டது, கிராபிக்ஸ் கார்டு மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ரேம் ரேட் 24. மன்ஹாட்டன் கட்டடங்கள் நெருங்கியபோது ரேம் நிறைந்துவிட்டது, டிஸ்க் மறுபடி 100, படம் நின்று நின்று நகர்ந்தது.

ஆக மூன்று வியாதி, மூன்று காரணம். லோடிங்குக்கு டிஸ்க். ஃப்ரேம் ரேட்டுக்கு கிராபிக்ஸ் கார்டு. மன்ஹாட்டன் திக்கலுக்கு ரேம். ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கின் ஒரு மூலையை ரேம் மாதிரிப் பயன்படுத்திக்கொள்ளும். குடோனிலேயே சமையல் செய்வது போல!

இதில் அவனுக்கு எது பற்றாக்குறை? ஃப்ரேம்கள் அல்ல. 24 ஃப்ரேமில் அவன் பழகிவிட்டான். அவனுக்குப் பற்றாக்குறை நேரம். ஒவ்வொரு இரவும் ஹட்சன் வழியே இறங்கி, சுதந்திர தேவி சிலையைச் சுற்றித் திரும்பி, லாகார்டியாவில் இறங்குவதாகத் திட்டம். ஒரு நாளும் இறங்கியதில்லை. பாதி வழியில் பத்தரை ஆகிவிடும்.

கடையில்

"அண்ணே, எஸ்.எஸ்.டி. வேணும். என்.வி.எம்.இ. நல்லாருக்கும்ங்கிறாங்களே?"

"எந்த போர்டு தம்பி?"

சொன்னான். கடைக்காரர் சிரித்தார். "உங்க போர்டுல அந்த ஸ்லாட்டே கிடையாது. சாதாரண சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கிக்குங்க. ஒண்ணும் குறைஞ்சிட மாட்டீங்க."

அவர் சொன்னது சரிதான். காகிதத்தில் பார்த்தால் சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி. அளவில் நின்றுவிடும், பி.சி.ஐ.இ. 3 என்.வி.எம்.இ. 3500 வரை போகும். ஆனால் லோடிங் என்பது வெறும் படிப்பது மட்டும் இல்லை. சுருக்கி வைத்த கோப்புகளைப் பிரிக்க வேண்டும், அடுக்க வேண்டும். அது ப்ராசசர் வேலை. டிஸ்க் ஒரு அளவுக்கு மேல் வேகமானால், அது கொண்டு வந்து குவித்ததைப் பிரித்து முடிக்க ஆள் இல்லை. ஆகவே ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு மாறுவது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறுவது அவ்வளவு தெரியாது.

பலன்?

விண்டோஸும் சிமுலேட்டரும் புதிய எஸ்.எஸ்.டி.க்குப் போயின. படங்களும் பாட்டும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருந்தன. அன்று இரவு ஓடுபாதையில் விமானம் நின்றபோது ஏழு நிமிடம்தான் ஆகியிருந்தது.

ஃப்ரேம் ரேட்? அதே 24. ஒரு ஃப்ரேம்கூட ஏறவில்லை.

மன்ஹாட்டனில் திக்கல் இருந்தது. ஆனால் முன்பு போல் மூச்சு நிற்கவில்லை, விக்கல் மாதிரி வந்து போனது. காரணம், ரேம் நிறைந்து வழிவது இப்போது வேகமான டிஸ்க்கில் வழிகிறது. வலி குறைந்ததே தவிர வியாதி போகவில்லை. அது போனது இரண்டு மாதம் கழித்து இன்னொரு 8 ஜி.பி. ரேம் போட்டபோதுதான். ஃப்ரேம் ரேட் ஏறியதோ காசே செலவாகாத வழியில். ரெண்டர் ஸ்கேலிங்கையும் தரைப்பட விவரத்தின் அளவையும் கொஞ்சம் குறைத்ததும் ஏறியது.

இன்னும் பழைய ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது 2006-ல் வந்தது, 32 பிட் மென்பொருள். 4 ஜி.பி.க்கு மேல் மெமரியைத் தொடவே முடியாது. பெரும்பாலான வேலை ப்ராசசரின் ஒரே கோர் மேல் விழும். அதற்கு எஸ்.எஸ்.டி. போட்டால் சீக்கிரம் திறக்கும், தரைப்படம் கொஞ்சம் சீக்கிரம் தெளியும். ஃப்ரேம் ரேட் மட்டும் அசையாது. 2024 நவம்பரில் வந்த புதிய பதிப்பு வேறு பக்கம் போய்விட்டது. 50 ஜி.பி. இடம் போதும், மீதி பெரும்பாலும் இணையத்திலிருந்து இறங்கும். அதில் எஸ்.எஸ்.டி.யை விட உங்கள் வீட்டு இணைப்புதான் பேசும்.

ஆகவே, எஸ்.எஸ்.டி. வாங்கலாமா என்று யாராவது கேட்டால் உடனே ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லாதீர்கள். "உனக்கு எது போதவில்லை?" என்று திருப்பிக் கேளுங்கள். ஓட்டம் வழவழவென்று இல்லையா? கிராபிக்ஸ் கார்டையும் ப்ராசசரையும் பாருங்கள். நகரத்தின் மேல் திக்குகிறதா? ரேமைப் பாருங்கள். காத்திருந்தே வாழ்க்கை போகிறதா? எஸ்.எஸ்.டி. வாங்குங்கள். வாங்கும் முன் ஒரு இரவு டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள், அதற்குக் காசு இல்லை.

அவன் கதையில் எஸ்.எஸ்.டி. விமானத்தை வேகமாக்கவில்லை. ஒவ்வொரு இரவும் பதினாறு நிமிடம் கொடுத்தது. போட்ட மூன்றாம் நாள், கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது செஸ்னா லாகார்டியா ஓடுபாதைக்கு நேராக வந்துகொண்டிருந்தது.

"இன்னும் ரெண்டு நிமிஷம்ப்பா... இறங்கிடுவேன்."

அப்பா சுவிட்ச் பக்கம் கை வைத்தபடியே நின்று பார்த்தார். சக்கரம் தரையில் பட்டது, ஒரு முறை எம்பியது, மறுபடி பட்டது. விமானம் நின்ற பிறகுதான் விளக்கு அணைந்தது.